பிழைச் செய்தியைப் படிக்க மறுக்கும் துறைகள்

நம் மொழியியல் துறைகளில் ஒரு தீர்ப்பு மிக எளிதாக வழங்கப்படுகிறது: ‘உனக்குக் கணினி வராது.’ மாணவர் ஒருவர் ஆய்வுக் கருவி ஒன்றைத் தம் மடிக்கணினியில் நிறுவ முயல்கிறார். கறுப்புத் திரையில் சிவப்பு வரிகள் ஓடி நிற்கின்றன. அந்த வரிகள் என்ன சொல்லின என்று எவரும் கேட்பதில்லை. அன்றுமுதல் அவர் ‘தியரி’ செய்ய வேண்டியவராகவோ, நூலகத்துக்குள் ஒதுங்க வேண்டியவராகவோ ஆகிவிடுகிறார். இத்தீர்ப்பு பிழையானது என்பதும், மொழியை ஆராய்வதாகச் சொல்லிக்கொள்ளும் துறைக்கு இது வெட்கக்கேடு என்பதும் என் வாதம். நீளமாகவே எழுதப்போகிறேன். பாதியில் விட்டுவிடுபவர்கள் பிழைச் செய்தியையும் பாதியில் விட்டுவிடுபவர்களாகத்தான் இருப்பார்கள்.

பேசவிருப்பது ‘பிப்’ என்னும் சிறு கட்டளைவரிக் கருவியைப் பற்றி. பைத்தான் மொழிக்கான பொதிகளை, அதாவது பேக்கேஜ்களை, இணையக் களஞ்சியத்திலிருந்து இறக்கி நிறுவுவது அதன் வேலை. தரவகத்தில் சொல் தேடுவது, சொல்வகை குறிப்பது, ஒலிப்பதிவிலிருந்து உயிரொலிகளின் அதிர்வெண்களை அளப்பது என இன்று மொழியியலர் செய்யும் வேலைகளில் பெரும்பகுதி இந்தக் கருவியின் வாசலைக் கடந்துதான் தொடங்குகிறது. வாசலில் ஒருவர் தடுக்கி விழுந்தால் அவருடைய ஆய்வு அங்கேயே முடிகிறது. வீட்டில் கணினிப் பொறியாளர் எவருமில்லாத முதல் தலைமுறை மாணவர்தான் பெரும்பாலும் அப்படி விழுகிறார் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

நான் அறிந்த ஒரு பல்கலைக்கழகத்தில் முதுகலை இரண்டாமாண்டு மாணவி ஒருவர், நாளிதழ்த் தமிழில் வினையெச்சத் தொடர்கள் அமையும் விதத்தைக் குறுஆய்வேட்டுக்குப் பொருளாகக் கொண்டார். உபுண்டு இயங்குதளம் நிறுவப்பட்ட பழைய மடிக்கணினி அவருடையது. ‘பிப் இன்ஸ்டால்’ என்று தட்டியவுடன் ‘எக்ஸ்டர்னலி மேனேஜ்டு என்விரான்மென்ட்’ என்ற தலைப்புடன் ஒரு பிழை வந்தது. மூத்த ஆய்வாளர் ஒருவர் முன்னால் ‘சூடோ’ சேர்க்கச் சொன்னார்; அதே செய்தி மீண்டும் வந்தது. மற்றொருவர் ‘பிரேக் சிஸ்டம் பேக்கேஜஸ்’ என்னும் தேர்வைச் சேர்க்கச் சொன்னார். நிறுவல் முடிந்தது, ஆனால் சில நாள்களில் இயங்குதளத்தின் புதுப்பிப்புக் கருவி திறக்க மறுத்தது. மூன்றாமவர் எல்லாவற்றையும் அழித்துவிட்டு விண்டோஸ் போட்டுக்கொள்ளச் சொன்னார். மூன்று வாரம் போயிற்று. ஆய்வுக் குழு கூடி, ‘கையால் எண்ணக்கூடிய’ தலைப்பு ஒன்றுக்கு மாறுமாறு அறிவுறுத்தியது. குழுவிலிருந்த ஐவரில் ஒருவர்கூட அந்தப் பிழைச் செய்தியைப் பார்க்கக் கேட்கவில்லை.

அச்செய்தி சொல்வது இதுதான். இந்தப் பைத்தான் இயங்குதளத்துக்கு உரியது. அதன் பொறுப்பு வேறொரு கருவியிடம் உள்ளது. கணினி முழுமைக்கும் ஒரு பொதி வேண்டுமானால் ‘ஆப்ட்’ மூலம் நிறுவுங்கள். மற்றவற்றுக்கு ஒரு மெய்நிகர் சூழலை உருவாக்கிக்கொள்ளுங்கள். அதை உருவாக்கும் கட்டளையும் அச்செய்தியிலேயே எழுத்துக்கு எழுத்து தரப்பட்டிருக்கிறது. கடைசியில், இந்தக் காவலை மீறலாம், ஆனால் உங்கள் பைத்தானோ இயங்குதளமோ உடையக்கூடும் என்ற எச்சரிக்கையும் உண்டு. மீறுவதற்கான தேர்வின் பெயரே ‘இயங்குதளத்தின் பொதிகளை உடை’ என்பதுதான். ஏவல் வினையில் அமைந்த இப்பெயரைப் பார்த்த பிறகும் அதை மருந்தாகப் பரிந்துரைக்கும் மொழியியலரை என்னவென்பது?

இந்தக் காவல் யாரையும் துன்புறுத்த வைக்கப்பட்டதன்று. 2023 ஏப்ரலில் வந்த உபுண்டு 23.04, அவ்வாண்டு ஜூனில் வந்த டெபியன் 12 ஆகியவற்றிலிருந்து இது நடைமுறையில் இருக்கிறது. காரணம் எளியது. இயங்குதளமே தன் வேலைகள் பலவற்றுக்குப் பைத்தானைச் சார்ந்திருக்கிறது. உபுண்டுவின் பல பதிப்புகளில் டெர்மினல் சாளரத்தைத் திறக்கும் நிரலே ஒரு பைத்தான் நிரல். கணினியின் இயல்பிருப்புப் பைத்தானை மாற்றிவிட்டு, பிறகு டெர்மினலே திறக்கவில்லை என்று தவித்தவர்கள் ஏராளம். மருந்தை உட்கொள்வதற்கான வாயையே அடைத்துவிடும் மருந்து அது. மெய்நிகர் சூழல் என்பது நம் ஆய்வுக்கென்று தனியாக ஒரு கோப்புறையில் பைத்தானையும் பொதிகளையும் வைத்துக்கொள்ளும் ஏற்பாடு. அங்கே எது உடைந்தாலும் அந்தக் கோப்புறையை அழித்துவிட்டு மீண்டும் தொடங்கலாம். இயங்குதளத்துக்கு ஒன்றும் ஆகாது. 2012இல் வெளியான பைத்தான் 3.3 முதல் ‘வென்வ்’ என்ற பெயரில் இது மொழியுடனேயே வருகிறது. டெபியன், உபுண்டு ஆகியவற்றில் மட்டும் ‘பைத்தான்3-வென்வ்’ என்ற பொதியை ஒருமுறை தனியே நிறுவ வேண்டியிருக்கலாம். அந்த மாணவிக்குத் தேவைப்பட்டவை மூன்று கட்டளைகள்: சூழலை உருவாக்கு, அதனுள் நுழை, நிறுவு. ஐந்து நிமிட வேலை. அதற்கு ஈடாக ஒரு நல்ல ஆய்வுத் தலைப்பைக் கொடுத்துவிட்டோம்.

பிழைச் செய்தி என்பது பனுவல். அதற்கு இலக்கணம் இருக்கிறது. பைத்தான் தரும் பிழைத் தடத்தின் தலைப்பிலேயே ‘அண்மைய அழைப்பு இறுதியில்’ என்று எழுதியிருக்கும். எந்தக் கோப்பில், எந்த வரியில், எதை அழைத்து, அது எதை அழைத்து என்று அடைமேல் அடையாக விரிந்து, என்ன நடந்தது என்பது கடைசி வரியில் வரும். வினைமுற்று இறுதியில் நிற்கும் மொழியில் பிறந்து வளர்ந்த நமக்கு இது எவ்வளவு பழகிய அமைப்பு! ஆனால் நம் மாணவர்கள் முதல் வரியைப் பார்த்து மிரண்டு திரையை மூடிவிடுகிறார்கள். பயனிலையைப் பாராமல் வாக்கியத்துக்குப் பொருள் சொல்லக் கூடாதென்று முதல் பருவத்திலேயே கற்பிக்கும் ஆசிரியர்கள் இங்கே மட்டும் அதை வலியுறுத்துவதில்லை.

இந்த இலக்கணத்துக்கு ஒரு புறனடை உண்டு. அதுதான் பலரைக் குழப்புகிறது. ‘பிப்’ ஒரு பொதியைக் கம்பைல் செய்ய முயன்று தோற்றால், கடைசியில் ‘இந்தப் பிழை துணைச் செயல்முறை ஒன்றிலிருந்து எழுந்தது, பிப்பின் குறையாக இருக்க வாய்ப்பில்லை’ என்ற பொருளில் ஒரு குறிப்பு வரும். அந்த வரியைத் தேடுபொறியில் போட்டால் ஆயிரம் தீர்வுகள் கிடைக்கும். எதுவும் உங்களுக்கானதாக இராது. ஏனெனில் அது பிழையின் பெயரன்று. பிழை மேலே இருக்கிறது என்று காட்டும் சுட்டுப்பெயர் மட்டுமே. மேலே நகர்ந்து, ‘எரர்’ என்ற சொல் முதலில் தோன்றும் இடத்தைத் தேட வேண்டும்.

அப்படித் தேடினால் பெரும்பாலும் கிடைப்பது ஒரே கதை. நிரல்மொழியின் புதிய பதிப்பு இப்போதெல்லாம் ஆண்டுதோறும் அக்டோபரில் வெளியாகிறது. 3.12 பதிப்பு 2023 அக்டோபரிலும் 3.13 பதிப்பு 2024 அக்டோபரிலும் வந்தன. ஒவ்வொரு பொதியையும் உருவாக்கியவர்கள் புதிய பதிப்புக்கெனக் கம்பைல் செய்த ஆயத்தக் கோப்பை வெளியிட வேண்டும். ‘வீல்’ என்று அதற்குப் பெயர். சிலர் ஒரே வாரத்தில் வெளியிடுவார்கள்; நாம் பயன்படுத்தும் ஒலியியல், மொழியியல் பொதிகளை ஓரிருவர் தம் ஓய்வு நேரத்தில் பேணுவதால் மாதக்கணக்கில் ஆகலாம், வராமலும் போகலாம். மாணவரோ இணையதளத்தில் முதலில் கண்ணில் படும் மிகப் புதிய பைத்தானை இறக்கிக்கொள்கிறார். ஆயத்தக் கோப்பு இல்லாததால் ‘பிப்’ மூல நிரலை இறக்கி அவருடைய கணினியிலேயே கம்பைல் செய்ய முயல்கிறது, கம்பைலர் இல்லை, தோற்கிறது. விண்டோஸில் ‘மைக்ரோசாஃப்ட் விஷுவல் சி++ 14.0 அல்லது அதற்கு மேல் தேவை’ என்று வருவது இந்த நிலையைத்தான். உடனே பல ஜிகாபைட் அளவுள்ள அந்த மென்பொருளை விடுதி இணைப்பில் விடிய விடிய இறக்குபவர்களைப் பார்த்திருக்கிறேன். அதற்கு முன், ஒன்றிரண்டு பதிப்பு பழைய பைத்தானில் முயன்றாலே பெரும்பாலும் போதும். களஞ்சியத்தில் அந்தப் பொதியின் பக்கத்துக்குச் சென்று, கோப்புப் பட்டியலில் எந்தப் பதிப்புகளுக்கு ஆயத்தக் கோப்பு இருக்கிறதென்று பார்த்துவிட்டுத் தொடங்குவது இன்னும் நல்லது.

‘பொருந்தும் வெளியீடு எதுவும் கிடைக்கவில்லை’ என்ற செய்தியும் பலவேளை இதே கதைதான். பொதி இல்லையென்று அது சொல்லவில்லை. உங்கள் பைத்தான் பதிப்புக்கும் உங்கள் கணினிக்கும் பொருந்துவது இல்லையென்கிறது. பெயர் தவறாக இருந்தாலும் அதே செய்தி வரும். நிரலில் ‘எஸ்கேலேர்ன்’ என்று அழைக்கப்படும் பொதியை நிறுவும்போது ‘சைகிட்-லேர்ன்’ என்று சொல்ல வேண்டும். ‘யாமல்’ என்று அழைக்கப்படுவதை ‘பையாமல்’ என்று நிறுவ வேண்டும். அழைக்கும் பெயரும் நிறுவும் பெயரும் வேறாக இருக்கலாம் என்பதைக்கூட எந்தப் பாடத்திட்டமும் சொல்வதில்லை. இப்போது உரையாடு செயலிகளிடம் கட்டளை கேட்டு வாங்குவோர் பெருகிவிட்டனர். அவை இல்லாத பொதிக்கும் பெயர் சூட்டித் தருவதுண்டு. அப்படிப்பட்ட பெயரிலோ, புகழ்பெற்ற பொதியின் பெயரை ஓரெழுத்து திரித்தோ தீங்கு நிரலைப் பதிவேற்றிவைப்பவர்களும் இருக்கிறார்கள். களஞ்சியத்தில் பெயரைச் சரிபார்க்காமல் நிறுவுவது ஆபத்தானது.

‘நிறுவிவிட்டேன், ஆனால் இல்லையென்கிறது’ என்னும் புகாருக்கு விடை ஒரு வரி: ஒரு கணினியில் இரண்டு மூன்று பைத்தான்கள் இருக்கும், ‘பிப்’ ஒன்றுக்கு உரியது, நீங்கள் இயக்குவது இன்னொன்று. வெறும் ‘பிப்’ என்று அழைக்காமல் ‘பைத்தான் -எம் பிப்’ என்று அழைத்தால் இயக்கும் பைத்தானுக்கே பொதி போய்ச்சேரும்.

2024 ஜூனில் நடந்ததைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். அம்மாதம் ‘நம்பை’ என்னும் எண்கணக்குப் பொதியின் 2.0 பதிப்பு வெளியானது. பைத்தானில் தரவைக் கையாளும் பொதிகளில் பெரும்பாலானவை அதன் மேல்தான் நிற்கின்றன. அவற்றில் பல நம்பை 1ஐ வைத்துக் கம்பைல் செய்யப்பட்டவை. முதல் நாள் ஓடிய நிரல் மறுநாள் புதிய சூழலில் ஓடவில்லை. ‘டிடைப்பின் அளவு மாறியுள்ளது, 96 எதிர்பார்க்கப்பட்டது, 88 கிடைத்தது’ என்றொரு செய்தி. புரியாத எண்கள் என்று தோன்றும். ஆனால் செய்தி துல்லியமானது: ஒரு பொதி கம்பைல் செய்யப்பட்டபோது அறிந்திருந்த தரவு அமைப்பின் அளவு 96 பைட், இப்போது நினைவகத்தில் இருப்பது 88. இருவரும் ஒரே சொல்லைச் சொல்கிறார்கள், பொருள் வேறு. உடனடித் தீர்வு, நம்பையை 2க்குக் கீழான பதிப்பாக நிறுவுமாறு கட்டளையில் குறிப்பிடுவது. நிலையான தீர்வு, சார்ந்துள்ள பொதிகளையும் புதிய பதிப்புக்கு உயர்த்துவது. இதை அறியாமல் பைத்தானை மூன்று முறை நீக்கி நிறுவினாலும் ஒவ்வொரு முறையும் அதே நம்பை 2 வந்து அமர்ந்துகொள்ளும். ‘எல்லாவற்றையும் அழித்துவிட்டு மீண்டும் போடு’ என்னும் நம் துறைகளின் பொது மருத்துவம் இங்கே ஒன்றும் செய்யாது.

இடையில் ஒரு சிறு எச்சரிக்கை. பதிப்பைக் குறிப்பிடும்போது அந்தப் பகுதியை மேற்கோள் குறிக்குள் இட வேண்டும். மேற்கோள் இல்லாமல் ‘பெரியது’ குறியை எழுதினால், லினக்ஸ் டெர்மினல் அதை ‘வெளியீட்டைக் கோப்பில் எழுது’ என்று புரிந்துகொள்ளும். பிழையே வராது. மிகப் புதிய பதிப்பு நிறுவப்பட்டிருக்கும். சமக்குறியில் தொடங்கும் விநோதப் பெயருடன் ஒரு கோப்பு உங்கள் கோப்புறையில் கிடக்கும்.

இனி நம் எழுத்தைப் பற்றி. தமிழ்த் தரவை விண்டோஸில் திறக்கும் மாணவருக்கு ‘சார்மேப் கோடெக்’ இன்ன பைட்டைப் படிக்க இயலவில்லை என்ற பிழை வரும். பொதியை நிறுவும்போதே, அதன் விளக்கக் கோப்பில் அயலெழுத்து இருந்தால், இது வருவதுண்டு. ‘தமிழ்க் கோப்பு கெட்டுவிட்டது’ என்று சொல்லிவிடுகிறார்கள். ‘தமிழ் கணினிக்கு ஒத்துவராது, ரோமன் எழுத்தில் மாற்றிக்கொள்’ என்று சொன்ன பேராசிரியரும் இருக்கிறார்.

நடப்பது இது. குறியாக்கம் எதுவென்று நிரல் சொல்லாவிட்டால், விண்டோஸில் பைத்தான் இயங்குதளத்தின் பழைய குறியாக்கத்தை எடுத்துக்கொள்கிறது. ஆங்கிலத்தை இயல்பிருப்பாகக் கொண்ட கணினிகளில் அது விண்டோஸ்-1252 எனப்படும் மேற்கு ஐரோப்பிய அட்டவணை. அதன் 256 இடங்களில் ஐந்து காலியானவை: 129, 141, 143, 144, 157. யுடிஎஃப்-8 குறியாக்கத்தில் தமிழ்க் குறி ஒவ்வொன்றும் மூன்று பைட் கொண்டது. புள்ளிக்கு உரியவை 224, 175, 141. உகரக் குறிக்கு 224, 175, 129. ஏகாரத்துக்கு 224, 174, 143. ஐகாரத்துக்கு 224, 174, 144. காலியிடங்கள் ஐந்தில் நான்கு நம் எழுத்துகளின் மேல் விழுகின்றன! மெய்யெழுத்தில்லாத தமிழ் வாக்கியம் ஒன்றைக் காட்டுங்கள் பார்ப்போம். முதல் புள்ளியிலோ முதல் உகரத்திலோ நிரல் நின்றுவிடும். ஆங்கிலத் தரவில் இப்பிழை வருவதற்கு வளைந்த மூடு மேற்கோள் குறி போன்ற ஏதாவது வேண்டும். அதன் கடைசி பைட் 157. ஆகவே ஆங்கிலத்தில் மட்டும் சோதித்துப் பார்த்த நிரலாளர் இப்பிழையை வாழ்நாளில் காணாமலே இருக்கலாம்.

நிரல் நின்றுவிடுவது நல்லது என்றுகூடச் சொல்வேன். ‘வா’ என்ற ஒரே சொல்லை இப்படிப் படித்தால் பிழை வராது. அதன் ஆறு பைட்டுகளும் அட்டவணையில் இருப்பதால் ஆறு ஐரோப்பியக் குறிகளாக மாறி அமைதியாக உள்ளே போய்விடும். இதற்கான தீர்வு ரோமன் எழுத்தன்று. கோப்பைத் திறக்கும் இடத்தில் குறியாக்கம் யுடிஎஃப்-8 என்று சொல்ல வேண்டும். பிறர் எழுதிய நிரலானால் ‘பைத்தான்யுடிஎஃப்8’ என்னும் சூழல் மாறிக்கு 1 என்று மதிப்புத் தர வேண்டும். 3.7 பதிப்பு முதல் இந்த வசதி இருக்கிறது. 3.15 பதிப்பில் யுடிஎஃப்-8ஐயே இயல்பிருப்பாக்குவதென்று முடிவாகியிருக்கிறது. அதுவரை நம் மாணவர்கள் புள்ளியில் தடுக்கி விழுந்துகொண்டிருக்க வேண்டுமா?

நிறுவலைக் கைவிடுவதால் ஆய்வின் முடிவே கெடும் என்பதற்கு ஒரு சான்று. பைத்தானுடன் வரும் ‘ஆர்இ’ என்னும் தேடல் தொகுதியில், ‘சொல்லெழுத்து’ என்னும் வகைக்குள் தமிழ் உயிர்க்குறிகளும் புள்ளியும் அடங்கா. ‘தமிழ்’ என்ற சொல்லைச் சொற்பிரிப்புக்குக் கொடுத்தால் ‘தம’, ‘ழ’ என்று இரண்டு துண்டு கிடைக்கும். ‘ரீஜெக்ஸ்’ என்ற தனிப் பொதி இதைச் சரியாகச் செய்யும். ஆனால் அதைத் தனியே நிறுவ வேண்டும். நிறுவல் தோற்றதால் ‘இருப்பதை வைத்துச் செய்கிறேன்’ என்று முடிவெடுத்தவரின் சொல்லடைவில் எத்தனை அரைச்சொற்கள் இருக்கும்? அந்த அட்டவணை ஆய்வேட்டில் ஏறி, புறத்தேர்வாளரின் கையெழுத்தும் பெற்றுவிடும்.

இதற்கு மறுப்பாகச் சொல்லப்படுபவை எனக்குத் தெரியும். ‘இணையவழி நோட்டுப்புத்தகங்கள் இருக்கின்றனவே, எதையும் நிறுவ வேண்டாமே’ என்பார்கள். வகுப்பறைப் பயிற்சிக்கு மிக நல்லது, நானே பயன்படுத்துகிறேன். ஆனால் அங்குள்ள பைத்தானும் பொதிகளும் நம்மைக் கேளாமல் மாறுகின்றன. நம்பை 2 போன்ற உடைப்பு அங்கும் வந்துசேரும், எப்போது என்பதை நாம் தீர்மானிக்க முடியாது. அதைவிட முக்கியமானது, களத்தில் ஒருவர் நம்மை நம்பிப் பேசிய ஒலிப்பதிவை அயல் நிறுவனத்தின் சேவையகத்தில் ஏற்றுவதற்கு அவரிடம் ஒப்புதல் பெற்றோமா என்பது. பேசுநர் கையொப்பமிட்ட ஒப்புதல் படிவத்தில் அப்படியொரு வரி இருக்கிறதா என்று எடுத்துப் பாருங்கள்.

‘இது கணினி அறிவியல் துறையின் வேலை’ என்பது அடுத்தது. நிறமாலை வரைபடத்தைப் படிக்க இயற்பியல் துறையை அழைத்தோமா? ஒலிப்பதிவுக் கருவியின் மாதிரி அதிர்வெண்ணை அமைக்க மின்னணுவியலரைக் கூட்டிவந்தோமா? நம் முறையியலுக்குத் தேவை என்று கருதியபோதெல்லாம் கற்றுக்கொண்டோம். இதை மட்டும் தேவையென்று கருத மறுக்கிறோம்.

மறுப்பதன் விலை முறையியல் இயலில் தெரிகிறது. களப்பணி செய்தால் தகவலாளியின் வயது, ஊர், பதிவுக் கருவியின் பெயர், மைக் இருந்த தொலைவு வரை எழுதச் சொல்கிறோம். கணினிப் பகுதிக்கு வந்தால் ‘பைத்தான் பயன்படுத்தப்பட்டது’ என்று ஒரே வரி. எந்தப் பதிப்பு? எந்தப் பொதிகள்? இது வெறும் சடங்கு விவரமன்று. ‘சைகிட்-லேர்ன்’ பொதியின் 0.22 பதிப்பில் ‘ரேண்டம் ஃபாரஸ்ட்’ முறையின் இயல்பிருப்பு மர எண்ணிக்கை 10இலிருந்து 100 ஆக மாறியது. ‘ஆர்’ மொழியின் 3.6.0 பதிப்பில், 2019இல், மாதிரி எடுக்கும் முறை மாறியதால், ஒரே தொடக்க எண்ணைக் கொடுத்தாலும் பழைய பதிப்பும் புதிய பதிப்பும் வெவ்வேறு மாதிரிகளைத் தருகின்றன. நிரலில் ஓரெழுத்து மாறாமல் முடிவு மாறும். பதிப்பைக் குறிப்பிடாத ஆய்வேட்டை எவரும் மீண்டும் செய்து பார்க்க முடியாது. ‘சோத்கங்கா’ களஞ்சியத்தில் ஏற்றப்பட்டுள்ள, கணினியைப் பயன்படுத்திய மொழியியல் ஆய்வேடுகளை நான் பார்த்தவரையில், பதிப்புப் பட்டியலுடன் இருப்பவை அரிது. ‘பிப் ஃப்ரீஸ்’ என்ற கட்டளை அந்தப் பட்டியலை ஒரு நொடியில் தந்துவிடும். பின்னிணைப்பில் ஒரு பக்கம் போதும்.

ஆகவே கேட்பவை சில. முதுகலை முதல் பருவத்தில் நான்கு மணி நேரம்: மெய்நிகர் சூழல், பதிப்பு, குறியாக்கம், பிழைச் செய்தியைப் படித்தல். தனிப் பாடத்தாள் வேண்டாம். ஒலியியல் ஆய்வகத்தின் முதல் இரண்டு அமர்வுகளே போதும். கணினியைப் பயன்படுத்தும் எந்த ஆய்வேட்டையும் பதிப்புப் பட்டியல் இல்லாமல் துறை ஏற்கக் கூடாது. கருவி நிறுவப்படாததைக் காரணம் காட்டித் தலைப்பை மாற்றச் சொல்லும் ஆய்வுக் குழு, அந்தப் பிழைச் செய்தியின் முழு வடிவத்தைக் கூட்டக் குறிப்பில் இணைக்க வேண்டும். கடைசிக் கோரிக்கை வேடிக்கையாகத் தோன்றலாம், வேடிக்கைக்காகச் சொல்லவில்லை. அது கட்டாயமானால் தலைப்பு மாற்றங்கள் பாதியாகக் குறையும் என்பது என் கணிப்பு.

மாணவர்கள் என்னிடம் கேட்கலாம். தெரிந்ததைச் சொல்கிறேன், தெரியாவிட்டால் தெரிந்தவரிடம் அனுப்புகிறேன். ஆனால் திரையைக் கைப்பேசியில் படமெடுத்து, அதிலும் கீழ்ப்பாதியை வெட்டி அனுப்பாதீர்கள். நீங்கள் தட்டிய கட்டளை, அதற்குக் கிடைத்த செய்தி முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை, இயங்குதளத்தின் பெயர், பைத்தான் பதிப்பு ஆகிய நான்கையும் எழுத்தாகப் படியெடுத்து இப்பதிவின் கீழ் இடுங்கள். ஆசிரியர்களும் இடலாம்.